பிரேக், ரிம் வேலை: ஈப்போவா, டயர் கடையா, வீட்டு வாசலா?

அக்காள் மகன் போன மாதம் ஒரு பழைய ஹோண்டா சிவிக் டைப் ஆர் வாங்கிக்கொண்டு பேராக்கில் எங்கள் ஊரான தாப்பாவுக்கு வந்தான். எஃப்டி2 ரகம், ஜப்பானில் 2007-இல் வெளிவந்தது. 2 லிட்டர் இஞ்சின், 225 குதிரைசக்தி, முன்பக்கம் நான்கு பிஸ்டன் பிரெம்போ காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிப்பது), 320 மில்லிமீட்டர் டிஸ்க், 18 அங்குல ரிம்மில் 225/40 டயர். சுற்றி வந்து பார்த்தவர்கள் எல்லாம் இஞ்சின் மூடியைத் திறக்கச் சொன்னார்கள். நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ரிம் இடுக்கில் டார்ச் அடித்தேன். டிஸ்க்கை அழுத்தி நிறுத்தும் பட்டையான பேட் மெலிந்துபோயிருந்தது. டிஸ்க் ஓரத்தில் நகம் தட்டுகிற அளவுக்கு விளிம்பு எழும்பியிருந்தது. பிரேக் எண்ணெய் டப்பாவில் இருந்ததோ காப்பிக்கும் பால் கலக்காத தே ஓவுக்கும் நடுவில் ஒரு நிறம்.

"மாமா, ஈப்போவுக்குக் கொண்டுபோகட்டுமா, இங்கேயே டயர் கடையில விடட்டுமா, இல்ல நாமளே செஞ்சிடலாமா?" என்று கேட்டான். வீட்டுக்காரி உள்ளேயிருந்து, "முதல்ல பசியாறுங்க, அப்புறம் காடியக் கழட்டலாம்" என்றாள். பசியாறிக்கொண்டே பேசியதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

பிரேக் வேலை என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் ஏழெட்டு வேலை இருக்கிறது. சக்கரத்தைக் கழற்றி மாட்டுவது ஒன்று. முன் பேட் மாற்றுவது, பின் பேட் மாற்றுவது, எண்ணெய் மாற்றுவது, டிஸ்க்கைக் கடைவது அல்லது புதிது போடுவது, டயரை ரிம்மில் ஏற்றி பேலன்ஸ் பார்ப்பது, சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட். எதை எங்கே விடுவது என்று வேலை வேலையாகப் பிரித்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும். மொத்தமாக ஓர் இடத்தில் ஒப்படைப்பவருக்குப் பணம் போகிறது. மொத்தத்தையும் வீட்டில் செய்வேன் என்பவருக்குச் சனி ஞாயிறு போகிறது, சில சமயம் விரல் நகமும் போகிறது.

இந்த ஊர்க்காரனுக்கு இது பொழுதுபோக்கு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் 59-ஆம் எண் சாலை வாசலிலேயே தொடங்குகிறது. மலைமேல் இருக்கும் தானா ராத்தாவிலிருந்து இறங்கி வந்தால் சுமார் 1,400 மீட்டர் உயரம் குறைகிறது. வண்டியும் இரண்டு ஆளுமாக 1,400 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இறக்கத்தில் வெளியாகும் சக்தி, குழாய்த் தண்ணீர் 60 லிட்டரைக் கொதிக்க வைக்கப் போதும். கல்யாண வீட்டில் சோற்றுக்கு உலை வைக்கும் அண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். கியரைக் குறைத்து இறங்கினால் இஞ்சின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், காற்று ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுக்க அந்த நாலு டிஸ்க் தலையில்தான்.

எனக்கு அது காலில் பட்ட பாடம். முன்பு ஒரு புரோட்டோன் சாத்ரியா ஜிடிஐ கார் வைத்திருந்தேன். ரிங்லெட்டைத் தாண்டி இறங்கி, லாத்தா இஸ்கண்டார் அருவிக்கு இரண்டு வளைவு முன்னால், பெடல் பஞ்சு மூட்டை மாதிரி அமுங்கியது. இரண்டாம் கியருக்குத் தட்டி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, பெத்தாய் விற்கும் பந்தல் பக்கம் ஒதுக்கி நிறுத்தினேன். அரை மணி நேரம் ஆறியதும் பெடல் பழையபடி கெட்டியாகிவிட்டது. எண்ணெய் கொதித்ததற்கு அதுதான் அடையாளம். எண்ணெயில் ஊறியிருந்த தண்ணீர் சூட்டில் ஆவியாகிறது. எண்ணெயை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். மிதிப்பதெல்லாம் ஆவியை அமுக்குவதிலேயே தீர்ந்துபோகும்.

இதில் வயிறெரிந்த சங்கதி வேறு. அதற்கு மூன்று மாதம் முன்னால்தான் ஒரு கடையில் பிரேக் எண்ணெய் மாற்றிப் பில்லும் வாங்கியிருந்தேன். வீட்டுக்கு வந்து சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், காலிப்பரில் எண்ணெய் வெளியேற்றும் நிப்பிளின் ரப்பர் மூடி மேல் செம்மண் தூசி படிந்தது படிந்தபடி இருந்தது. டப்பாவில் இருந்ததை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதை ஊற்றியிருக்கிறார்கள். கொதிக்கிற இடத்தில் இருந்தது பழைய எண்ணெயேதான். அன்றைக்கு முடிவு செய்தேன்: என் வண்டியில் சக்கரம் கழன்றால் நான் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இப்போது மூன்று இடத்தையும் பார்ப்போம்.

ஈப்போவில் இருக்கும் பெரிய சர்வீஸ் சென்டருக்கு ஒரு மணி நேர ஓட்டம். லிஃப்ட் உண்டு, அசல் சாமான் உண்டு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கணினியோடு பேசும் கருவி உண்டு, செய்த வேலைக்குக் காகிதம் உண்டு. ஆனால் உள்ளே விட மாட்டார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இனிப்புக் காப்பி குடிக்கலாம். பதினைந்து வருஷத்துக்கு மேலான வண்டி என்றால் சாமானுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு இன்னொரு நாள் வர வேண்டியிருக்கும். அதற்கு இன்னொரு நாள் லீவு. டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரிகிறது, பெடல் மிதிக்கு எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது, பெடல் காரணமே தெரியாமல் இறங்குகிறது என்றால் மட்டும் நான் அங்கே போவேன். அதுவும் வண்டியை ஓட்டிக்கொண்டு அல்ல, இழுவை லோரியில் ஏற்றி.

ஊர் டயர் கடை வேறு மாதிரி. கடை முதலாளியான எங்கள் தவுக்கேவுக்கு நாற்பது வருஷக் கை. ரிம்மைச் சுழலவிட்டுப் பார்த்தே எந்தப் பக்கம் அடி வாங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். பக்கத்தில் நின்று பார்க்கலாம், கேள்வி கேட்கலாம், "தம்பி, இது இன்னும் ஓடும், காச மிச்சம் பண்ணு" என்று அவரே சொல்வார். பேலன்ஸ், அலைன்மென்ட், டயர் ஏற்றுவது, முள் குத்தின டயருக்கு உள்ளிருந்து ஒட்டுப் போடுவது எல்லாம் அவருக்குத்தான். இதற்கு வீட்டில் மெஷின் வாங்கி வைப்பவன் டயர் கடையே திறந்துவிடலாம்.

அவர் கடையில் எனக்குப் பிடிக்காதது இரண்டே. ஒன்று, பிரேக் தூளை கம்ப்ரஸர் காற்றால் ஊதுவது. பழைய பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்த காலம் உண்டு. இப்போதைய தூளும் நெஞ்சுக்கு நல்லதில்லை. இரண்டாவது, நட் முடுக்கும் ஏர் கன்.

இந்த நட் விஷயத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போக வேண்டும். பிரேக்கைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுபவர்கள்கூட நட்டைப் பார்ப்பதில்லை. இந்த வண்டிக்கு நட் இறுக்கம் 108 நியூட்டன் மீட்டர். ஏர் கன் அதைவிட எவ்வளவோ அதிகமாக இறுக்கிவிடும். அதுவும் ஐந்து நட்டில் ஒன்று ஒரு மாதிரி, இன்னொன்று ஒரு மாதிரி. போல்ட்டின் மரை இழுபடும். நடுரோட்டில் பஞ்சர் ஆனால் வண்டியோடு வந்த ஸ்பேனரில் ஏறி நின்று குதித்தாலும் அசையாது. பிரேக் பிடிக்கும்போது ஸ்டீரிங் உதறுவதற்கும் பல சமயம் இந்தச் சமமில்லாத இறுக்கமோ, சக்கரம் உட்காரும் ஹப்பின் முகத்தில் படிந்த துருவோ காரணமாக இருக்கும். ஜனங்கள் டிஸ்க் கோணிவிட்டது என்று சொல்லிப் புது டிஸ்க் வாங்கிவிடுவார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் நட்டின் அடிப்பாகம். ஹோண்டாவின் அசல் ரிம்முக்கு அசல் நட் அடியில் உருண்டையாக இருக்கும். வெளியில் வாங்கும் ஸ்போர்ட் ரிம்களில் பெரும்பாலானவற்றுக்குக் கூம்பு மாதிரி அடிப்பாகம் உள்ள நட் வேண்டும். இரண்டுக்கும் மரை ஒன்றுதான், அதனால் ஏறிவிடும், இறுகவும் செய்யும். ஆனால் ரிம்மில் உட்காரும் இடம் ஒரு மெல்லிய கோடு அளவுக்குத்தான்; ஓட ஓடத் தளரும். மருமகன் வண்டியில் முந்தின சொந்தக்காரர் ரிம் மாற்றி, திரும்ப அசல் ரிம்மைப் போட்டு விற்றிருக்கிறார். ஒரு நட்டைக் கழற்றி உள்ளங்கையில் கவிழ்த்தேன். கூம்பு. இருபதும் கூம்பு. ரிம் துளையில் பளபளவென்று வட்டமாகத் தேய்ந்த ஒரு வரி. இதை எந்தக் கடைக்காரரும் அவனுக்குச் சொல்லவில்லை. ஏனென்றால் கன் வைத்துக் கழற்றிக் கன் வைத்து முடுக்குபவர் கண்ணில் நட்டின் அடிப்பாகம் படுவதே இல்லை.

வெளி ரிம் போடுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஹோண்டா ஹப்பின் நடுக்கழுத்து 64.1 மில்லிமீட்டர், வெளி ரிம்களில் நடுத்துளை 73.1 இருப்பது சகஜம். இடையில் போடும் வளையம் சின்னச் சாமான்தான், அது இல்லாமல் மாட்டினால் நெடுஞ்சாலையில் நடுக்கம் எடுக்கும்.

ஆகவே சக்கரத்தைக் கழற்றி மாட்டுவது வீட்டு வேலை. கடையில் மாட்டினாலும் வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு நட்டையும் தளர்த்தி, நட்சத்திர வரிசையில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து நான் திரும்ப இறுக்குவேன். ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை. மரையில் எண்ணெய் தடவாதீர்கள். தடவினால் ரெஞ்ச் காட்டும் அளவு பொய்யாகிவிடும், நிஜ இறுக்கம் அதைவிட அதிகமாகிவிடும்.

முன் பேட் மாற்றுவதும் வீட்டு வேலைதான், அதுவும் இந்த வண்டியில். சாதாரண வண்டியில் காலிப்பரைக் கழற்ற வேண்டும். பிரெம்போவில் காலிப்பர் அசையாமல் இருக்க, பேட்டைப் பிடித்திருக்கும் இரண்டு பின்னைத் தட்டி எடுத்தால் பேட் மேல் வழியாக உருவி வந்துவிடும். ஒரே ஒரு கவனம்: இரண்டு பேட்டையும் சேர்த்து எடுக்காதீர்கள். ஒன்றை எடுத்து, அந்தப் பக்கப் பிஸ்டன்களைப் பதமாக உள்ளே தள்ளி, புதியதைப் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். இல்லையென்றால் ஒரு பிஸ்டனைத் தள்ளத் தள்ள எதிர்ப் பிஸ்டன் வெளியே வந்து பல்லைக் காட்டும். தள்ளும் முன் எண்ணெய் டப்பா நிரம்பியிருக்கிறதா என்று பார்த்து, ஊசிக்குழாயால் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளுங்கள். பிரேக் எண்ணெய் பெயின்ட்டைத் தின்றுவிடும். ஒரு சொட்டு விழுந்தாலும் துடைக்காமல் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

பேட் போட்டு முடித்ததும் வண்டியை அசைக்கும் முன் பெடலைப் பல தடவை மிதியுங்கள், கெட்டியாகும் வரை. பிஸ்டன் பின்னால் போயிருப்பதால் முதல் இரண்டு மூன்று மிதியில் பிரேக்கே இருக்காது. நான் முதல் தடவை செய்தபோது வேலை முடிந்த குஷியில் வண்டியைப் பின்னால் எடுத்தேன். கேட் வளைந்ததுதான் மிச்சம். அந்த வளைவு இன்னும் இருக்கிறது. வீட்டுக்காரி நிமிர்த்த விடமாட்டேன் என்கிறாள்.

பின்பக்கம் அவ்வளவு இனிப்பாக இருக்காது. ஹேண்ட் பிரேக் கேபிள் காலிப்பரிலேயே மாட்டியிருக்கும் வண்டிகளில் பின் பிஸ்டனைத் தள்ளினால் போகாது, திருகிக்கொண்டே அழுத்த வேண்டும். அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. அது தெரியாமல் பெரிய கிளாம்ப் போட்டு நெரித்து உள்ளே இருக்கும் திருகை உடைத்துக் காலிப்பரையே மாற்றியவர்கள் உண்டு. திருகி முடித்த பிறகு பிஸ்டன் முகத்தில் உள்ள வெட்டு, பேட் முதுகில் உள்ள குமிழுக்கு நேராக நிற்க வேண்டும். கருவி இருந்தால் வீட்டில் செய்யலாம். இல்லையென்றால் பின் பேட்டை ஊர்க் கடையில் கொடுத்து, பக்கத்தில் நில்லுங்கள். பின் பேட் தேய்வதும் மெதுவாகத்தான், அடிக்கடி வரும் வேலை இல்லை.

இனி எண்ணெய். மூன்று இடத்துக்கும் உண்மையான போட்டி இங்கேதான்.

பிரேக் எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். காலையில் மலை தெரியாத அளவுக்குப் பனி இறங்கும் நம் ஊர்ப் பக்கம் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. போத்தலில் டாட் 3, டாட் 4 என்று தரம் எழுதியிருக்கும். டாட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம், 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்த பிறகு அது 140-க்கு இறங்கலாம். டாட் 4-க்கு 230-உம் 155-உம். டாட் 5.1-க்கு 260-உம் 180-உம். இந்த மூன்றும் ஒரே குடும்பம். டாட் 5 மட்டும் சிலிக்கோன் வகை. பெயர் பக்கத்தில் இருக்கிறதே என்று கலந்துவிடாதீர்கள். என் கருத்து: மலைக்கு மாதம் ஒரு தடவை போகிறவனுக்கு விலை உயர்ந்த பந்தய எண்ணெய் தேவையில்லை. நல்ல டாட் 4 வாங்கி வருஷம் ஒருமுறை மாற்றினால், மிக நல்லதை வாங்கி நாலு வருஷம் வைத்திருப்பவனைவிட நிம்மதியாக இறங்கலாம். திறந்து பாதி மிச்சமான போத்தலை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். அது அலமாரியிலேயே ஈரம் குடித்துக்கொண்டிருக்கும்.

மாற்றுவது வீட்டில் முடியும். ஒருவர் பெடலில், ஒருவர் சக்கரத்தடியில். "மிதி", "பிடி", நிப்பிளைத் திற, ஓடவிடு, மூடு, "விடு". இந்த வரிசை மாறிப்போனால் காற்று உள்ளே போய்விடும். நிப்பிளில் தெளிவான குழாயை மாட்டி, அடியில் கொஞ்சம் எண்ணெய் உள்ள போத்தலில் முனையை அமிழ்த்தி வையுங்கள்; பழுப்பு போய்ப் பொன்னிறம் வருவது கண்ணுக்குத் தெரியும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது வண்டிக்கு வண்டி மாறும். வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன வரிசைப்படி போங்கள். பழைய வண்டி என்றால் பெடலுக்கடியில் ஒரு கட்டையை வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகப் பெடல் பாதி தூரம்தான் போகும். மாஸ்டர் சிலிண்டரின் அடிப்பாதியில் வருஷக்கணக்காகத் துரு படிந்திருக்கும். தரை வரை மிதித்தால் உள்ளே இருக்கும் ரப்பர் அந்தத் துருவில் உரசிக் கிழியலாம்.

வீட்டில் இருக்கும் ஒரே பயம், பேச்சு சுவாரசியத்தில் மேல் டப்பாவைக் காலியாக விட்டுவிடுவது. காற்று ஏபிஎஸ் பெட்டிக்குள் போய்விட்டால் பல வண்டிகளில் கருவி வைத்துத்தான் எடுக்க வேண்டும், அப்போது ஈப்போதான். அதனால் மருமகனுக்குச் சொன்னது: முதல் தடவை தவுக்கே கடையில் செய். பெடலில் நீ உட்கார், நிப்பிளைத் திறப்பது அவர் ஆளாக இருக்கட்டும், நாலு சக்கரமும் கழற்றச் சொல். ஒரு லிட்டர் முழுவதும் ஓடட்டும். அடுத்த வருஷம் நாம் வீட்டில் செய்யலாம். அவனுக்கு ஏமாற்றம்தான். கேமராவெல்லாம் எடுத்து வைத்திருந்தான்.

டிஸ்க் விஷயத்தில் கடைவதா, புதிதா என்று கேட்பார்கள். ஒவ்வொரு டிஸ்க்கிலும் குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று பொறித்திருக்கும். மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, அதற்குப் பக்கத்தில் வந்திருந்தால் கடைவதில் பயன் இல்லை. கடைந்ததும் எல்லைக்குக் கீழே போய்விடும், மெலிந்த டிஸ்க் மலையில் சீக்கிரம் சூடேறும். விளிம்பு எழும்பிய பழைய டிஸ்க்கோடு புதுப் பேட் போடுவது, பழைய அம்மியில் புதுக் குழவி வைத்து அரைக்கிற மாதிரி. பொருந்தி வர நாளாகும். இவன் வண்டியில் முன் டிஸ்க் இரண்டும் புதிது, பின்னது அப்படியே இருக்கட்டும் என்று முடிவு. எப்போதும் ஒரே அச்சில் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பேட் வாங்கும்போது வாலிபர்களுக்குக் கை பரபரக்கும். செப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்டும் பேட் வேண்டும் என்றான். அது சூடேறினால்தான் கடிக்கும். காலையில் பள்ளிக்கூடம் முன்னால் ஒரு பிள்ளை குறுக்கே ஓடினால் முதல் மிதியில் கடிக்காது; கீச்சிடும், டிஸ்க்கையும் தின்னும். அசல் பேட் அமைதி, தூள் குறைவு, ஆனால் முழுப் பாரத்தோடு மலை இறங்கும்போது கருகிய வாடை வரும். நடுவில் உள்ளது, தெருவுக்கும் கொஞ்சம் வேக ஓட்டத்துக்கும் என்று செய்தது. அதைத்தான் வாங்கச் சொன்னேன். ரிம் கறுத்துப்போகும், ஞாயிற்றுக்கிழமை தேய்த்துக் கழுவிக்கொள்ள வேண்டியதுதான். மலையிலிருந்து இறங்கிய சூட்டோடு கார் கழுவும் கடையில் பச்சைத் தண்ணீர் அடிக்க விடாதீர்கள், ரிம்மில் அமிலம் தெளிக்கவும் விடாதீர்கள். கழுவுவதைப் பற்றி இவ்வளவு போதும்.

புதுப் பேட்டும் டிஸ்க்கும் பழகவும் வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத நேரத்தில், பின்னால் வண்டி இல்லாதபோது, 80-லிருந்து 20-க்கு மிதமாகக் குறைத்து, நிற்காமல் திரும்ப வேகமெடுத்து, எட்டுப் பத்துத் தடவை. பிறகு பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள். சூட்டோடு பிரேக்கை மிதித்தபடி நின்றுவிட்டால் பேட் டிஸ்க்கில் ஒரே இடத்தில் அச்சு பதித்துவிடும். அப்புறம் அதுதான் ஸ்டீரிங் உதறல்.

சரி, 18 அங்குல ரிம்மை வைத்துக்கொள்வதா, 17-க்கு இறங்குவதா? தோட்டத்து ரோட்டில் குடியிருப்பவனுக்கு இது நியாயமான கேள்வி. 225/40 டயரின் பக்கச் சுவர், அகலம் 225-இல் 40 விழுக்காடு, அதாவது 90 மில்லிமீட்டர். 17 அங்குலத்தில் 225/45 போட்டால் 101. மொத்த விட்டத்தில் மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம், வேக மீட்டர் பொய் சொல்லாது. செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் தோண்டிவைத்த குழியில் அந்த ஒரு சென்டிமீட்டர் ரப்பர் ரிம்மைக் காப்பாற்றும். ஆனால் மட்டை முள்ளுக்கு இரண்டும் ஒன்றுதான். வெட்டிப் போட்ட மட்டையின் மேல் ஏற்றினால் பக்கச் சுவரில் குத்தும். பக்கச் சுவருக்கு ஒட்டுப் போடக் கூடாது, டயரையே மாற்ற வேண்டும். நான் 17-ஐத்தான் சொன்னேன், ஒரு நிபந்தனையோடு: பிரெம்போ காலிப்பர் பெரியது, எல்லா 17-உம் மேலே உரசாமல் ஏறாது, காசு கொடுக்கும் முன் ஒரு ரிம்மை மாட்டிக் கையால் சுற்றிப் பார். அவன் 18-தான் அழகு என்று விட்டுவிட்டான். அவன் வண்டி, அவன் குழி.

வீட்டில் செய்யப்போகிறவர்கள் வாங்க வேண்டியது தாழ்வான வண்டிக்கு அடியில் நுழையும் நல்ல ஜேக், நாலு ஸ்டேண்ட், டார்க் ரெஞ்ச், பிரேக் கிளீனர் ஸ்பிரே, கம்பி பிரஷ், முகமூடி. முதல் தடவைக்கு ஈப்போ பில்லைவிட இது குறைவாக வராது. இரண்டாம் தடவையில் இருந்துதான் மிச்சம். ஜேக்கை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கையைக்கூட நீட்டாதீர்கள். லயத்து வீட்டு வாசல் மாதிரி மண் தரை என்றால் மழைக்கு அடுத்த நாள் இந்த வேலையே வேண்டாம். என் பழைய வீட்டில் ஜேக்கின் சின்னச் சக்கரம் மெதுவாக மண்ணுக்குள் இறங்கியதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, கழற்றி அடியில் போட்டிருந்த சக்கரத்தின் மேல் உட்கார்ந்தது. அந்தச் சக்கரம் அங்கே இல்லாதிருந்தால் டிஸ்க் மண்ணில் குத்தியிருக்கும். அன்றிலிருந்து கழற்றிய சக்கரத்தை வண்டிக்கடியில் தள்ளிவிடுவதும், ஜேக்குக்கு அடியில் தடித்த பலகை போடுவதும் வழக்கம். டைல்ஸ் பதித்த போர்ச்சிலும் பலகை போடுங்கள். ஸ்டேண்ட் காலுக்கடியில் டைல் வெடித்தால் பிரேக் பேட்டை விட அதிகச் செலவு, திட்டு தனி.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் செய்தது இவ்வளவு: காலையில் தவுக்கே கடையில் எண்ணெய் மாற்றி, பின் பேட்டை அளந்து பார்த்தோம், இன்னும் பாதிக்கு மேல் இருந்தது, விட்டுவிட்டோம். மத்தியானம் வீட்டில் முன் டிஸ்க்கும் பேட்டும். டிஸ்க்கைக் கழற்றக் காலிப்பரை எடுத்தாக வேண்டும். ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டினோம். ஹப் முகத்துத் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கவே அரை மணி நேரம் ஆனது. உருண்டை அடி நட் இருபதும் பழைய சாமான் கடையில் கிடைத்தன. கடையிலிருந்து கேட்டு வாங்கி வந்த பழைய எண்ணெயை லோங்காங்கில், அதாவது சாக்கடையில், ஊற்றப் போனவனைத் தடுத்து, போத்தலில் மூடி, தவுக்கே கடைக்கே திருப்பி அனுப்பினேன்.

மறுநாள் சுங்கை, பீடோர் பக்கம் பழைய சாலையில் ஒரு சுற்று போய்வந்து, எண்பது கிலோமீட்டர் ஆனதும் வாசலில் ரெஞ்சை எடுத்தான். பத்தொன்பது நட் அசையாமல் 'டக்' என்றது. இடது முன் சக்கரத்தில் ஒன்று மட்டும் கால் சுற்று போனது.